பதினொன்று பத்துக்கு ஒரு குரல்

மார்ச் 3, செவ்வாய்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். சிமெண்ட் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. இரண்டு மாதப் பக்கங்கள் சும்மாவே போய்விட்டன.

திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனேன். பறந்திருந்தால் கால் மணி நேரம். ஆனால் காது டாக்டர் வாசலில் நான் போய் இறங்கினால் சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் பாறைக்குளம் முழுக்கச் செய்தி பரவிவிடும்: பறவை அண்ணாச்சிக்குக் காது போச்சாம். ஆகவே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பையோடு இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

காதில் ஒன்றுமில்லையாம். "ஒங்க காது மாதிரி சுத்தமான காது நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டர் எமல்டா. "அந்தச் சத்தம் எப்பவெல்லாம் வருதுன்னு எழுதுங்க. நேரம், எந்தப் பக்கமிருந்து வருது, என்ன சொல்லுது. ரெண்டு வாரம் கழிச்சு டைரியைக் கொண்டு வாங்க."

அவர் இதைப் படிக்கப் போகிறார் என்பதால் என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் கோமதிநாயகம். வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வயதில் வயரிங் வேலைக்கு ஏறிய கம்பத்திலிருந்து விழுந்தேன், தரைக்கு வரவில்லை. அன்றிலிருந்து பறக்கிறேன். அதற்கு ஒரு வாரம் கழித்துக் காது திறந்தது. பத்து மைல் சுற்றளவில் யார் ஆபத்தில் கூப்பிட்டாலும் கேட்கும். ஆபத்தில் மட்டும்தான். சாப்பிடக் கூப்பிடுவது, ஆடு மாடுகளைக் கூப்பிடுவது எதுவும் விழாது. பயத்தில் குரல் ஓரிடத்தில் உடையும், அந்த உடைசல்தான் எனக்கு வருகிறது. கோயில் கொடையில் மேளமும் வேட்டும் சேர்ந்து முழங்கியபோது, நாலு ஊர் தள்ளிக் கிணற்றில் கிடந்த ஒருவரின் முனகலைக் கேட்டு எழும்பியவன் நான். இருபத்தேழு வருஷத்தில் ஒரு குரலைத் தவறவிட்டதில்லை.

இப்போது தினமும் காலை பதினொன்று பத்துக்கு ஒரு குரல் வருகிறது. போய்ப் பார்த்தால் ஆள் இல்லை.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"ஜனவரி கடைசியில."

"அப்ப ஏதாவது நடந்துச்சா?"

ஒன்றும் நடக்கவில்லை என்றேன். நடக்கவில்லைதான். ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, ஊரில் எனக்குப் பாராட்டு விழா. அன்றைக்கு முத்துக்குட்டி என்று ஒருவன், வடக்கே கல் எடுத்துவிட்டு விட்டுப்போன கல்வெட்டாங்குழியில் துணி துவைக்கப் போய், முங்கிச் செத்தான். மதியம் இரண்டு மணிக்கு வந்து சொன்னார்கள். நான்தான் தூக்கிக் கரையில் போட்டேன். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 4, புதன்

11.10. ஆண் குரல். வடக்கிலிருந்து. மூன்று தடவை.

பறக்கும்போது போடும் உடுப்பைத் துவைத்துப் போட்டேன். ரெக்ஸின் துணி, காய இரண்டு நாள் ஆகும். வியாபாரிகள் சங்கம் தைத்துக் கொடுத்தது. தோளிலிருந்து தொங்கும் அந்தச் சிவப்புத் துணி ஃபிளெக்ஸில் பார்க்க ஜோராக இருக்கும், முள்வேலியில் மாட்டினால் தெரியும் சங்கதி. வேர்க்குருவுக்குப் பவுடர் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

11.10. வடக்கு. ஆண். மூன்று தடவை.

இன்று விடுவதில்லை என்று பதினொன்றுக்கே எழும்பி வடக்கே போய், காற்றாலைக்கு மேலே காத்திருந்தேன். குரல் வந்தது. எவ்வளவு வடக்கே போனாலும் அதே தூரத்திலிருந்தே வருகிறது. காதை விரலால் அடைத்துப் பார்த்தேன், குறையவில்லை. கீழே ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். வேறு யாரும் இல்லை.

எனக்கு எதிரிகள் உண்டு. மணல் லாரிக்காரர்கள், கேபிள் திருடர்கள், போன வருஷம் எரிசாராயம் கடத்தி என்னிடம் மாட்டிய கும்பல். அவர்களில் யாரோ ஒருவன் கருவி ஏதாவது செய்து குரலை என் காதுக்குள் விடுகிறான். என்னை அலைக்கழித்து, கடைசியில் நிஜக் குரல் எது, கள்ளக் குரல் எது என்று தெரியாமல் ஆக்குவது அவன் திட்டம். கெட்டிக்காரன். இதுவரை வந்தவன் எல்லாம் கம்பும் அரிவாளுமாக வந்தான். இவன் முகத்தைக் காட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

இறங்கியதும் பால்ராசு கடைக்கு டீ குடிக்கப் போனேன். ஐந்தாறு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் ரேடியோவை நிறுத்தியது போலப் பேச்சு நின்றது. எனக்கு எல்லாம் கேட்கும் என்று ஊரார் நினைக்கிறார்கள். எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை. என் மாடிக்குக் கீழே மூன்று குடும்பம் குடிவந்து மூன்றும் காலி செய்துகொண்டு போய்விட்டன. புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கூட அடுத்தவன் கேட்பான் என்றால் எப்படி இருப்பார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்குத்தான் பேசிக்கொள்ள ஆளில்லை. பெண் கொடுக்க வந்தவர்களும் இதே காரணத்தால் வந்த வழியே போனார்கள்.

டீ நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

11.10. வடக்கு.

11.12க்கு இன்னொரு குரல், மேற்கிலிருந்து. "யாத்தீ... யாராச்சும் வாங்களேன்!" என்று. எதிரி புதுக் குரலில் ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் கழித்தும் நிற்காததால் எழும்பினேன்.

நிஜம். மின்வாரியத்து லைன்மேன் ஆவுடையப்பன், கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தார். ஏணி கீழே விழுந்து கிடந்தது. நான் போய்ச் சேர்வதற்குப் பத்து முழம் இருக்கும்போது கை விட்டுவிட்டது. பாதியில் பிடித்தேன், ஆனாலும் கம்பத்தில் அடித்து இடுப்பெலும்பு விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் வரலேன்னா என் தாலி அறுந்திருக்கும் அண்ணாச்சி" என்று அழுதார்.

நாலு நிமிஷம் முன்னால் போயிருந்தால் இடுப்பும் பிழைத்திருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

எதிரியைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும். ஆள் சாகும் முன்.

மார்ச் 12, வியாழன்

11.10. வழக்கம் போல.

சாயங்காலம் வாசலில் யாரோ நின்றார்கள். என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதால் கதவைத் திறக்கும்போதே கோபமாகத் திறந்துவிட்டேன். செம்பகம். முத்துக்குட்டியின் மனைவி.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்."

"உக்காரும்மா."

"உக்காரல. அன்னைக்கு அவிய கூப்பிடவே இல்லியா?"

"அன்னைக்கே கரையில வச்சுச் சொன்னேனே."

"சொன்னிய. எனக்கு இன்னொருக்கா சொல்லுங்க. லேசா முனகியிருந்தாலும் ஒங்களுக்குக் கேக்கும்லா?"

"கேக்கும்."

"அப்பம் முனகக்கூட இல்ல." தலையை ஆட்டிக்கொண்டாள். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தானாகவே சொன்னாள்: "அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை அண்ணாச்சி. ஊரே ஒங்க விழாவுக்குப் போவுது, ஒங்களுக்கு இன்னைக்குத்தான் துணி தொவைக்கணுமான்னு கேட்டேன். எனக்குக் கூட்டம் ஆவாதுட்டி, நீ போயிட்டு வான்னாவ. எனக்குக் கோவம் வந்துட்டு. போயி அந்தக் குழிக்குள்ளயே கெடங்க, திரும்பி வராதீங்கன்னுட்டேன். சொல்லிட்டு வந்து மூணாவது வரிசையில ஒக்காந்து ஒங்களுக்குக் கைதட்டிக்கிட்டு இருந்தேன்."



"நல்லா நீச்சல் தெரிஞ்ச மனுசன். கூப்பிட்டா நீங்க வந்துருவியன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூப்பிடாமலே போயிட்டாவன்னா, போவணும்னுதானே போயிருக்காவ? கொழுந்தன் சுப்பையா வீட்டுப் படி ஏற விட மாட்டேங்கான். வாயால கொன்னவளுன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லுதான். நாப்பதாம் நாள் படையலுக்கு எனக்குச் சொல்லவே இல்ல. அவன் சொல்லுததும் சரிதானோன்னு இருக்கு. அதான் ஒங்க வாயால ஒருக்கா கேட்டுட்டா மனசு அடங்கிரும்னு வந்தேன்."

உள்ளதைச் சொன்னேன். "கூப்பிடலம்மா" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்று இறங்கிப் போனாள். டீ போட்டுக் கொடுத்திருக்கலாம். பால் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

11.10. வடக்கு. ஆண்.

மார்ச் 14, சனி

11.10. உடுப்பின் ஜிப் அறுந்துவிட்டது. டெய்லர் கடை பூட்டியிருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

11.10.

செம்பகம் வந்து போனதிலிருந்து விழா நாளைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு மேடைக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அறிவிப்பாளர் என் வரலாற்றை வருஷவாரியாகப் படித்துக்கொண்டிருந்தார். என் காதுக்கு நேராக ஒரு குழாய். அந்த இரைச்சலில் அவன் லேசாகக் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. யாருக்கும் கேட்டிருக்காது. கல்வெட்டாங்குழிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் பத்துப் பேர் குளிப்பார்கள், அன்று ஒருவரும் இல்லை. எல்லோரும் என் விழாவில் இருந்தார்கள். மைக் செட்காரனைத்தான் சொல்ல வேண்டும்.

இதைச் செம்பகத்திடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் குழம்புவாள். வேண்டாம்.

கோழிக்கறி எடுத்து வைத்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. தெருநாய்க்குப் போட்டேன். அதுவாவது வாலாட்டியது.

மார்ச் 17, செவ்வாய்

திருநெல்வேலி. அதே பஸ், அதே துண்டு.

டாக்டர் எமல்டா டைரியைப் பக்கம் பக்கமாகப் படித்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாட நோட்டை நீட்டிவிட்டு நிற்பவன் போல நின்றேன். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு சந்தேகம் சார்" என்றார். "மூணாந்தேதி, அவர் கூப்பிடவில்லைன்னு எழுதியிருக்கீங்க. பதினஞ்சாந்தேதி, கூப்பிட்டிருந்தாலும் மைக் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா மேளமும் வேட்டும் அடிக்கும்போதே நாலு ஊர் தள்ளி முனகினது ஒங்களுக்குக் கேட்டிருக்கு. அதுவும் நீங்க எழுதினதுதான்."

"ஏதோ நினைவில எழுதினது."

"சரி. ரெண்டாவது. நேரம் எழுதியிருக்கீங்க, திசை எழுதியிருக்கீங்க, ஆணா பொண்ணான்னு எழுதியிருக்கீங்க, எத்தனை தடவைன்னுகூட எழுதியிருக்கீங்க. அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு பதினாலு நாள்ல ஒரு நாள்கூட எழுதலையே. எழுதச் சொன்னேனே நான்?"

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. காதைப் பார்க்கச் சொன்னால் டைரியில் குற்றம் கண்டுபிடிக்கிறீர்களா என்று கத்திவிட்டேன். வெளியே டோக்கன் கூப்பிடுவதுகூட நின்றுவிட்டது. ஒரு டாக்டரிடம், அதுவும் எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயதில் இருப்பவரிடம், இப்படிக் கத்தியது அசிங்கம். அவர் கோபப்படவில்லை. டைரியை மூடி என் பக்கம் தள்ளி, "வீட்டுக்குப் போய் அதை மட்டும் எழுதுங்க. எனக்குக் காட்ட வேண்டாம்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது எழுத முயன்றேன். பேனா ஓடவில்லை. பஸ் ஆட்டம்.

மார்ச் 18, புதன்

காலையிலேயே கல்வெட்டாங்குழிக்குப் போய்விட்டேன். நடந்துதான் போனேன். முத்துக்குட்டி துணி துவைத்த பாறை எதுவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதி துவைத்த ஒரு போர்வை அன்று அங்கே கிடந்தது. இன்னொரு போர்வை தண்ணீருக்குள் அவன் காலில் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்தவன் நான்தானே.

அந்தப் பாறையில் உட்கார்ந்தேன். 11.10க்குக் குரல் வந்தது. இந்தத் தடவை எழும்பவில்லை, காதையும் அடைக்கவில்லை. என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

"ஏட்டீ... செம்பகோம்!"

இதுதான். இதைத்தான் எழுதாமல் விட்டேன்.

குரல் முடிந்த உடனே எனக்குள் இன்னொன்று பேசியது. அது என் குரலிலேயே பேசியது, நல்ல நிதானமாக. "அவன் பெண்டாட்டியை அல்லவா கூப்பிடுகிறான். உன்னையா கூப்பிட்டான்?" என்றது. கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மேடையில் என்னை உட்கார வைத்தது இந்தக் குரல். கரையில் 'கூப்பிடல' என்றது இந்தக் குரல். படிக்கட்டில் நின்ற செம்பகத்துக்குப் பதில் சொன்னதும் இது, மூன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் இந்த டைரியில் எழுதியதும் இது. நான் ஆகாயம் முழுக்கத் தேடிய எதிரி இத்தனை நாளும் என் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். பதினொன்று பத்துக்குக் கூப்பிட்ட பாவப்பட்டவனைப் போய் எதிரி என்று எழுதியிருக்கிறேன்.

இனி நடந்ததை எழுதுகிறேன். அவன் எவ்வளவு கையைப் பிடித்தாலும்.

ஜனவரி 25. மேடையில் நடு நாற்காலி எனக்கு. ஒன்றியத் தலைவர் பொன்னாடையை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அப்போதுதான் முதல் குரல் வந்தது. பழக்கத்தில் வாட்சைப் பார்த்தேன், பதினொன்று பத்து. எழும்பப் போனேன். விரித்த பொன்னாடை முன்னால் இருந்தது. நான் எழுந்தால் அது கீழே விழும். போன வருஷம் பக்கத்து ஊரில் அப்படி ஒன்று கீழே விழுந்து, வேண்டுமென்றே அவமானப்படுத்தியதாக இரண்டு தரப்பும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டன. சரி, போர்த்தி முடிக்கட்டும், அரை நிமிஷம்தானே என்று உட்கார்ந்தேன். அவன் பெண்டாட்டியைத்தானே கூப்பிடுகிறான் என்றும் நினைத்தேன்.

போர்த்தினார். கைதட்டினார்கள். இரண்டாவது குரல் வந்தது. வாயில் தண்ணீர் போன குரல். நான் நாற்காலியின் கையைப் பிடித்து எழும்ப, போட்டோக்காரர் ஓடிவந்து, "அண்ணாச்சி, ஃபிளாஷ் அடிக்கல, தலைவரே, இன்னொருக்கா போர்த்துங்க, ஒரே நிமிசம்" என்றார். தலைவர் என் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து, மடிப்பை உதறி, மறுபடியும் விரித்தார். நான் போட்டோவுக்காகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பின்போது மூன்றாவது குரல் வந்து பாதியில் நின்றது.

நின்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுத வேண்டும். நின்றுவிட்டதே, கரையேறியிருப்பான் என்று நினைத்தேன். நானாக நினைத்தேனா, உள்ளே இருப்பவன் நினைக்க வைத்தானா, தெரியவில்லை. பிறகு ஏற்புரை பேசினேன். எந்தக் குரலும் என்னைக் கடந்து போகாது என்று பேசினேன். பந்தியில் பிரியாணி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பெண்டாட்டியைத்தானே கூப்பிட்டான் என்ற வாதம் நிற்காது. என் காதுக்கு ஆபத்து மட்டும்தான் கேட்கும். அவன் சோப்பு எடுத்துவரக் கூப்பிட்டிருந்தால் அது எனக்கு வந்தே இருக்காது. வந்தது என்றாலே அர்த்தம் ஒன்றுதான். இருபத்தேழு வருஷமாக இது தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான்.

பாறையில் உட்கார்ந்து இவ்வளவும் நினைத்த பிறகும் உள்ளே இருக்கும் எதிரி விடவில்லை. "சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? அண்ணாச்சி வரமாட்டார் என்று ஊர் நினைக்கும். நாளைக்குத் தண்ணீரில் விழுபவன் கூப்பிடாமலே சாவான். அந்தச் சாவுகளை யார் கணக்கில் எழுதுவது?" என்றான். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் லைன்மேன் ஆவுடையப்பன் கூப்பிட்டுக்கொண்டுதான் தொங்கினார், நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் காது இப்படித்தான் வேலை செய்கிறது.

"சரி, சொல்வதானால் அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லேன்" என்றான் கடைசியில். அதற்கு நான் கிட்டத்தட்ட மசிந்துவிட்டேன். வீட்டு வாசல் வரை அந்த நினைப்போடுதான் நடந்தேன். ஆனால் அவளை வாயால் கொன்னவள் என்று சுப்பையா சொன்னது தனியாகச் சொன்னதில்லையே. தெருவில் வைத்துச் சொன்னது. என் சொல்லை வைத்துச் சொன்னது.

பயமாக இருக்கிறது. எரிகிற பஞ்சாலைக்குள் போனபோதும் இப்படி இருந்ததில்லை.

மார்ச் 19, வியாழன்

காலை எட்டு மணிக்குக் காவல் நிலையம் போய், முத்துக்குட்டி சாவு பற்றி ஜனவரியில் நான் கொடுத்திருந்த வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி வைத்தார்.

பிறகு செம்பகம் வீட்டுக்குப் போனேன். உடுப்பு போடவில்லை, வேட்டி சட்டைதான். "சுப்பையா வீடு வரைக்கும் என்கூட வாம்மா" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சமரசம் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். பாதிச் சமையலை அணைத்துவிட்டு வந்தாள்.

சுப்பையா வீட்டுக்கு எதிரே ரேஷன் கடை. சீனி போடும் நாள், முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. செம்பகம் படியேறவில்லை, தெருவிலேயே நின்றுவிட்டாள். சுப்பையா வெளியே வந்தான். அவன் மனைவி பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, இவளுக்குப் பஞ்சாயத்துப் பேச வந்தியளா?"

"பஞ்சாயத்து இல்ல சுப்பையா. நான் ஒண்ணு சொல்லணும். ஒங்க எல்லாருக்கும் கேக்கணும்." வரிசைப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னேன். "முத்துக்குட்டி கூப்பிட்டான். கால்ல போர்வை சுத்திக்கிட்டு, காப்பாத்தச் சொல்லிக் கூப்பிட்டான். மூணு தடவை. எனக்குக் கேட்டுது. மேடையில போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன், போகல. கூப்பிடலன்னு நான் சொன்னது பொய்."

வரிசையில் ஒரு கிழவி, "அடப் பாவி" என்றாள், அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை. சுப்பையா படியிறங்கி வந்து என் கன்னத்தில் அறைந்தான். கம்பத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து என் உடம்புக்கு அடி வலிக்காது. அவன்தான் கையை உதறினான். மறுபடி அடித்தான், மறுபடி உதறினான். வலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவன் படியில் உட்கார்ந்து, "எண்ணே, எண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

செம்பகம் அழவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டாவ?"

"ஒன் பேரச் சொல்லி."

"எம் பேரயா?"

"ஆமாம்மா. ஒன் பேரத்தான். மூணு தடவையும்."

"கோவமாவா?"

"இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டியவன் நான். கன்னத்தைக் கேட்டாலும், காதைக் கேட்டாலும்.

"எப்பிடிக் கூப்பிட்டாவ? கூப்பிட்டுக் காட்டுங்க."

"வேண்டாம்மா."

"அவிய கூப்பிட்டாப்புலயே கூப்பிடுங்க அண்ணாச்சி. ஒங்க ஒருத்தருக்குத்தானே தெரியும்."

ஐம்பத்து மூன்று நாளாகக் கேட்ட குரல். எந்த இடத்தில் நீளும், எந்த இடத்தில் உடையும் என்று எனக்கு மனப்பாடம். நடுத்தெருவில் நின்று கூப்பிட்டேன். "ஏட்டீ... செம்பகோம்!" முதல் தடவைக்கு அவள் அசையவில்லை. இரண்டாவது தடவை வாயில் தண்ணீர் போன மாதிரியே கூப்பிட்டேன். தெருவில் சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவது தடவை "ஏட்டீ... செம்ப" என்று, அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன்.

"இந்தா வந்துட்டேன்!" என்றாள் செம்பகம்.

சொல்லிக்கொண்டே வடக்குப் பக்கமாக ஓடினாள். ஏழெட்டு அடி ஓடியிருப்பாள். பிறகு நடுத்தெருவில் நின்றுவிட்டாள், எங்கே போவது என்று தெரியாமல். சுப்பையாவின் மனைவி படியிறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து, "வாக்கா, உள்ள வா" என்று வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.